ஃபெலோ என்று நான் சொன்ன ஆள்

வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் அதிகமாகச் சொன்ன ஆங்கிலச் சொல் ஃபெலோ. காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும், "எந்த ஃபெலோ இன்னைக்கு ஷிப்டுக்கு வரலை?" என்பேன். யாராவது கதவருகே வந்து நின்றால், "அந்த ஃபெலோவுக்கு என்ன வேணுமாம்?" என்று பியூனிடம் கேட்பேன். ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசராக இருந்தேன். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவன் என்பதால் என் வாயிலிருந்து வரும் ஆங்கிலத்துக்கு அங்கே தனி மரியாதை. திட்டினாலும் மரியாதைதான்.

அந்தச் சொல்லை நான் அகராதியில் தேடிப் பார்த்ததே இல்லை. தெரிந்த சொல்லை யார் தேடுவார்கள்? போன வருடம்தான் பார்த்தேன். பார்க்க வைத்தவன் என் மகன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி, அப்பா விட்டுப்போன நிலம் எனக்கு இருக்கிறது. நான் படப்பையில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு அதில் ஒரு விதையும் போடவில்லை. வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு கிணறு. கிணற்றில் பாதிதான் எங்களுடையது. பத்திரத்தில் 'சரிபாதி பாத்தியம்' என்று இருக்கும். மறுபாதி பக்கத்து நிலத்துக்காரனுடையது. அவனுக்கும் என் வயதுதான். அவன் இன்னும் அங்கே கீரையும் கத்திரியும் வெண்டையும் போட்டு, விடியற்காலையில் கட்டு கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் படப்பைக்கு அனுப்புகிறான். அவன் பயிருக்கு வேறு தண்ணீர் கிடையாது. மோட்டாருக்கான கரண்ட் சர்வீஸ் என் அப்பா வாங்கியது, எங்கள் நிலத்தின் பேரில் இருப்பது. நான் நிலத்தை விற்றால் சர்வீஸ் போகும், அது போனால் அவன் பாதிக் கிணறும் அவனுக்குப் பயன்படாது. அவன் விவசாயம் அன்றோடு முடிந்தது.

சுற்றியிருந்த நிலமெல்லாம் மனையாகிவிட்டது. மஞ்சளும் சிவப்பும் பூசிய கற்கள் வரிசையாக நிற்கின்றன. என் முள்ளும் அவன் கீரையும் மட்டும் நடுவில். மனை போடுகிறவர்களின் ஏஜெண்ட் ஒரு நாள் தட்டில் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். பேச்சில் நல்ல பணிவு.

"அய்யா, ஒங்க எடம் நேரா ரோட்டப் பாத்து வருது. அந்தக் கிணத்த மூடிட்டோம்னா லேஅவுட் சதுரமா அமைஞ்சிரும்."

"பக்கத்துல ஒருத்தர் பயிர் வைக்கிறாரே."

"அவரு தன்னால வந்துருவாரு அய்யா. தண்ணியில்லாம எத்தன நாளைக்கு நிக்க முடியும்?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாளை வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு கம்பெனியில் மேனேஜராக இருக்கிறான். என் துறையைவிட என் பேச்சைத்தான் அவன் அதிகம் கற்றுக்கொண்டவன். ஏஜெண்ட் அவனிடமும் பேசியிருக்கிறார்.

"அப்பா, அது முள்ளுக் காடு. பாம்புதான் குடியிருக்கு. யாருக்காக வெச்சிருக்கீங்க?"

"கிணறு ஒண்ணு இருக்கே."

"அந்தக் கிணத்துல நாம என்னைக்குக் குளிச்சோம்? அந்தக் கீரைக்கார ஃபெலோவுக்காகவா?"

அவன் குரலில் என் குரல் இருந்தது. அதே இழுப்பு, அதே அலட்சியம். அவன் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, சொற்களின் பிறப்பைச் சொல்லும் என் பெரிய அகராதியை எடுத்துவைத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

வட கடலில் கப்பல் ஓட்டியவர்களின் மொழியிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல் அது. சொல்லின் முன்பாதிக்கு மாடு என்று பொருள். மாடுதான் சொத்தாக இருந்த காலம் அது, அதனால் சொத்து, பணம் என்றும் பொருள். பின்பாதிக்கு வைப்பது, இடுவது என்று பொருள். தன் மாட்டைக் கொண்டுவந்து இன்னொருவன் மாட்டோடு சேர்த்து வைப்பவன். தன்னிடம் உள்ளதை இன்னொருவனோடு பொதுவில் போட்டு, லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் கூட நிற்பவன். அதிலிருந்து துணைவன், தோழன் என்று ஆனது. பிறகு சமமானவன். பல்கலைக்கழகங்களில் அறிஞர்களுக்குத் தரும் பட்டம் அந்தப் பொருளில் வந்ததுதான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, யாரோ ஓர் ஆள் என்றாகி, கடைசியில் எஜமான் வேலைக்காரனைக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. நம் ஊர் ஆபீசுகளுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசிப் பொருள். அதைத்தான் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு இத்தனை காலம் பயன்படுத்தியிருக்கிறேன்.

நம்மிடம் இதற்கு நேரான சொல் இருக்கிறது. கூட்டாளி. எங்கள் பக்கத்தில் கூட்டாளி என்றால் சிநேகிதன். தொழிலில் பங்கு போட்டவனும் கூட்டாளிதான். கீரைக்காரனும் நானும் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டோம். நான் எம்.ஏ. வரை போனேன். அவன் எட்டாவதோடு நின்றுவிட்டான். அதன் பிறகும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அகராதியில் மாடு என்ற இடத்தைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. மோட்டார் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாடு. அவர்கள் வீட்டிலும் ஒன்று. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க ஜோடி மாடு வேண்டும். அவர்கள் மாட்டையும் எங்கள் மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி, தண்ணீர் மொள்ளும் தோல் சால் கட்டி, சரிவில் ஓட்டி இறைப்பார்கள். ஒரு நாள் எங்கள் வயலுக்கு, மறுநாள் அவர்கள் வயலுக்கு.

இதைப் படித்துவிட்டு யாரும் உருக வேண்டாம். என் அப்பாவும் அவன் அப்பாவும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டதே பெரிது. "உன் மாடு இன்னா, கல்யாண ஊர்கோலத்துல வருதா? என் மாடு ஒண்டியா இழுக்குது" என்று அவன் அப்பா கத்துவார். "உன் மாட்டுக்குத் தீனி போட்டாதானே அது நடக்கும்" என்று என் அப்பா கத்துவார். அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் மாடு ஒருமுறை கழிச்சல் கண்டு படுத்தபோது, அவன் அப்பாதான் மூங்கில் குழாயில் கஷாயம் ஊற்றினார், எங்கள் குடும்பத்தையே திட்டிக்கொண்டு. இந்த மாடு செத்தால் அவர் பயிர் காயும். அகராதிக்காரர்கள் அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் எழுதும்போது இவர்கள் இருவரையும் பார்த்து எழுதியிருக்கலாம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி தொடங்கிய புதிது. இரண்டு போகம் மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை. அவன் என் வீட்டுக்கு வந்து, கம்பெனிக்குள் புல்லும் பூச்செடியும் வைக்க ஆள் எடுக்கிறார்களாமே, எனக்குப் போட்டுக் கொடு கூட்டாளி என்று கேட்டான். ஆள் எடுக்கும் பொறுப்பு என் கையில்தான் இருந்தது. திங்கட்கிழமை கம்பெனி கேட்டுக்கு வா என்றேன். சொன்னபடி வந்தான். அன்றைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வெளிநாட்டு அதிகாரி வந்திருந்தார். அவரைக் காரில் ஏற்றிவிட நான் கேட் வரை கூட நடந்தேன். அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, துவைத்த வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, "கூட்டாளி" என்று பலமாகக் கூப்பிட்டான்.

அதிகாரி சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். உங்கள் நண்பரா?

இல்லை, ஊரிலிருந்து யாரோ ஒரு ஃபெலோ, என்றேன்.

எட்டாவது படித்தவனுக்கு அந்த ஆங்கிலம் போதும். எங்கள் ஊரில் வண்டிக்காரன்கூடத் திட்டும்போது சொல்லும் சொல்தான் அது. அவன் கையைக் கீழே இறக்கினான். கார் போன பிறகு நான் திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தேன். அவனைச் சேர்த்தால் தினமும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமே என்று பயந்தேன். சொன்ன சொல்லைவிட நான் வெட்கப்படுவது இதற்குத்தான். அடுத்த முறை ஊரில் பார்த்தபோது, "வாங்க சார்" என்றான். அன்றிலிருந்து நான் அவனுக்கு சார்.

அகராதியை மூடிவைத்துவிட்டு மகனுக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். கிணற்றில் நமக்கு ஒரு கூட்டு இருக்கிறது என்றேன். இந்தக் காலத்தில் யாராவது இப்படி இருப்பார்களா என்றான். இருக்கிறேனே என்றேன்.

எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் மகன் பக்கம்தான். காலையில் கூட நடக்கும் பழைய சகாக்கள், கம்பெனிக்காரனாக இருந்துகொண்டு நீயே இப்படிப் பேசலாமா என்கிறார்கள். நான் கம்பெனிகளுக்கு எதிரி அல்ல. என் சோறு, என் மகன் படிப்பு, இந்த வீடு எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஊர் பழையபடி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழையபடி ஆனால் நான் மாடு ஓட்டிக்கொண்டிருப்பேன். நான் சொல்வது ஒன்றுதான். பாதிக் கிணற்றை வைத்துக்கொண்டு முழுக் கிணற்றை மூட எனக்கு உரிமை இல்லை. லேஅவுட் சதுரமாக வராவிட்டால் கோணலாக வரட்டும். கோணல் மனையில் வீடு கட்டினாலும் கூரை நிற்கும்.

மறுநாள் கிணற்றடிக்குப் போனேன். அவன் முளைக்கீரையை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"யாரு கேட்டா?"

"உனக்குத் தெரியட்டும்னு சொன்னேன்."

"தெரிஞ்சிக்கினேன். அதுக்கு இன்னா, மேளம் வெக்கணுமா?"

நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். "அன்னைக்குக் கம்பெனி கேட்டாண்ட நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த இப்ப எதுக்கு இழுக்கற?" என்றான். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். "அன்னிக்கு நான் ஃபெலோ. இன்னிக்கு நீ எனக்குக் கெணறு குடுக்கற சாமி. அதானே சார்? பாதி என்து. நீ ஒண்ணும் குடுக்கல, நான் ஒண்ணும் வாங்கல."

"நான் குடுக்கறேன்னு சொல்லலையே. என் பாதியை விக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

"உன் பாதி, உன் பாதின்னு சொல்றியே. தூர் வார என்னிக்கு வந்த நீ?"

எங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணற்றுக்கு ஒரு முறை உண்டு. கோடையில் தண்ணீர் அடியில் போனதும் கிணற்றுக்குள் இறங்கி, சேர்ந்துபோன சேற்றை வாரி வெளியே போட வேண்டும். பங்கு உள்ள ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வீட்டு ஆள் ஒருவர் வந்து நிற்க வேண்டும். கூலிக்கு ஆள் அனுப்பினால் அது வேலையில் சேரும், வருகையில் சேராது. வராத வீட்டுக்குத் தண்ணீர் முறையைப் பற்றிப் பேச வாய் கிடையாது. என் அப்பா போன பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. இரண்டு வீட்டுச் சேற்றையும் அவனே வாரியிருக்கிறான்.

"இந்த வருஷம் வர்றேன்" என்றேன்.

"நீயா? மாடிப் படி ஏறவே நடுவுல நின்னு மூச்சு வாங்கற ஆளு."

"வர்றேன்னு சொன்னேன்."

"வந்தா பேன்ட்டு போட்டுக்கினு வராத" என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினான்.

மகனுக்கு விஷயம் தெரிந்து போனில் கோபப்பட்டான். நல்ல ஆட்கள் இரண்டு பேரை அனுப்பி வைக்கிறேன், நீங்கள் வீட்டில் இருங்கள் என்றான். ஆள் அனுப்பினால் கணக்கில் வராது என்றேன். யார் கணக்கில் என்றான். அவனுக்கு விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. "நீ வர்றதா இருந்தா வா. இல்லைன்னா நான்தான் வீட்டு ஆளு" என்றேன். அவன் வரவில்லை.

சித்திரையில் தூர் வாரும் நாளன்று, வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டேன். லுங்கி கட்டிக்கொண்டு போனேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த கீரைக்காரன் மகனும், கூட வேலை பார்க்கும் ஒருவனும் உள்ளே இறங்கினார்கள். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபராக இருக்கிறான் அந்த மகன்; தூக்கக் கண்ணோடு வந்திருந்தான். அவர்கள் சேற்றை வாரிக் கூடையில் போடுவார்கள். நானும் கீரைக்காரனும் மேலே நின்று ராட்டினத்தில் கயிற்றை இழுக்க வேண்டும். முதல் கூடையிலேயே என் உள்ளங்கை எரிந்தது.

"இழு சார். ஃபைல் இல்ல, சேறு" என்றான்.

"இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீ கயித்தப் புடிச்சிக்கினு கீற. நான்தான் இழுக்கறேன்."

கேட்டால் அவன் அப்பா பேசுவதுபோலவே இருந்தது. என் அப்பா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று யோசித்து, "உன் பக்கம் ஒழுங்கா நின்னா என் பக்கம் வரும்" என்றேன். அவன் காறித் துப்பிவிட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்தான். சேற்றோடு பிளாஸ்டிக் கவர்கள் வந்தன. கம்பெனிக் கையுறை ஒன்று வந்தது. ஒற்றை சேஃப்டி ஷூ வந்தது. "மறுகாலு எங்க கீதுன்னு பாரு, ஜோடியா வித்துடலாம்" என்று அவன் கிணற்றுக்குள் குரல் கொடுத்தான்.

வெயில் உறைக்கும் நேரத்தில் ஏஜெண்ட் பைக்கில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். முழங்கால் வரை சேறு, முகத்திலும் சேறு.

"அய்யா, நீங்க போயி இதெல்லாம்... சொல்லியிருந்தா நான் ஆளு விட்டிருப்பேனே."

"மூடறதுக்கு ஆள் விடறேன்னுதானே வந்தீங்க. தூர் வாரவும் விடுவீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "அய்யா, தம்பிகிட்டப் பேசிட்டேன். அவுகளுக்குச் சம்மதம்தான். நீங்க ஒரு கையெழுத்து..."

"என் பையன் சம்மதம் நான் இல்லாதப்போ செல்லும். நான் இருக்கேன். இந்தக் கிணத்துல ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஒருத்தன் மாட்டேன்னா மூட முடியாது. நாங்க ரெண்டு பேரும் மாட்டோம்."

"என்னிய ஏன் சேத்துக்கற?" என்றான் கீரைக்காரன். "என் வாயால நான் சொல்லிக்கறேன்." ஏஜெண்ட் பக்கம் திரும்பினான். "மாட்டேன் சார். போய்ட்டு வா."

ஏஜெண்டுக்குக் கோபம் வரவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க அய்யா. நீங்க ரெண்டு பேரும் இருக்கது வரைக்கும் சரி. அதுக்கப்பொறம்? நான் காத்திருக்கேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பைக் போய்விட்டது. நாங்கள் இன்னும் இரண்டு கூடை இழுத்தோம். அவர் சொன்னது பொய் இல்லை. எனக்கு இருதயத்துக்கு மாத்திரை ஓடுகிறது. அவனுக்குச் சர்க்கரை. நான் போன மறுவாரம் என் மகன் கையெழுத்துப் போடுவான். அவ்வளவுதான் கிணறு.

"என் பாதியை உன் பேருக்கு எழுதிடறேன்" என்றேன். "நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"நான் போய்ட்டா என் பையன் வித்துடுவான்."

"என் பையன் மட்டும் வெச்சிக்கினு கும்புடுவானா? மொத நாள்ல விப்பான்."

"நான் கேட்டுக்கினுதான் கீறேன்" என்று கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"கேளு. உனுக்குத்தான் சொல்றேன்" என்றான் இவன் கீழே பார்த்து. பிறகு என்னிடம், "முழுசும் என்துன்னு ஆயிட்டா நான் யாராண்ட சண்ட போடறது? ஒண்டியா குந்திக்கினு கெணத்தப் பாத்துக் கத்துவனா? உன் பாதி உன்னாண்டயே இருக்கட்டும்" என்றான்.

"அப்ப என்னதான் வழி? நாம ரெண்டு பேரும் போனா ரெண்டு பசங்களும் ஒரே நாள்ல வித்துடுவாங்க."

அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டான்.

"அப்ப சாவாத. நானும் சாவறதா இல்ல. அடுத்த வருஷமும் வரணும் நீ, இப்பயே சொல்லிட்டேன். இழு."

அடியில் கூடையை நிரப்பிவிட்டுக் கயிற்றை ஆட்டினார்கள். கனமாக இருந்தது. இழுத்தேன்.